பழைய டை: பட்டா, ரேயானா?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய கழுத்து டைகளைத் தேடி வாங்கிச் சேகரிப்போர் பலர் உண்டு. மளிகைக் கடைக்காரருக்கும் டைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். துவரம் பருப்பில் கேசரிப் பருப்புக் கலந்திருப்பதை நாம் கண்டுபிடிக்கிறோமே, அதே வித்தைதான் இதுவும். சரக்கு இன்னதென்று தெரியாமல் விலை சொல்ல முடியாது.

பளபளப்பைக் கண்டு பட்டு என்று நம்பி ஏமாறுவோரே அதிகம். 1941-இல் ஜப்பானியப் பட்டு அமெரிக்காவுக்கு வருவது நின்றது. கையிருப்பும் ராணுவத் தேவைக்குப் போயிற்று. ஆகவே 1940-களின் டைகளில் ரேயான் நிறைய. ஆனால் ரேயான் என்பதால் மட்டம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அக்காலத்தில் கையால் ஓவியம் தீட்டிய ரேயான் டைகளுக்குச் சேகரிப்போரிடம் நல்ல கிராக்கி உண்டு.

அகலத்தை மட்டும் பார்த்து வயதைச் சொல்வது ஆபத்து. 1940-களிலும் டை அகலம், 1970-களிலும் அகலம். இடையில் 1960-களின் முற்பகுதியில் ஒல்லி. இங்கே துணிதான் சாட்சி. பாலியஸ்டர் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1950-களில்தான். பாலியஸ்டர் டையை 1940-களின் சரக்கு என்று ஒருவர் விலை சொன்னால், பணத்தை எடுக்க வேண்டியதில்லை.

சோதனை எளிது. பட்டுச் சேலைக்கு நம் ஜவுளிக்காரர்கள் செய்வதுதான். டையின் பின்பக்கத் தையலுக்குள் மடிந்திருக்கும் துணியிலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று உருவி, இடுக்கியில் பிடித்துத் தனித்தனியே கொளுத்த வேண்டும். இரண்டும் வேறு வேறு நூலாக இருப்பதுண்டு என்பதால் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. பட்டு மெதுவாக எரியும். மயிர் கருகும் வாடை வரும். கரியை நசுக்கினால் பொடியாகும். கம்பளியும் இதே வாடைதான், ஆனால் நூல் சொரசொரப்பு. ரேயான் காகிதம் போல் குபுக்கென்று எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும், நகத்தால் உடையாது.

அசிட்டேட் என்று இன்னொன்று உண்டு. முன்னாளில் அதையும் ரேயான் என்றே விற்றனர். எரித்தால் வினிகர் வாடை வரும். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும். கறை எடுக்கிறேன் என்று அதைத் தொட்டால் டையில் ஓட்டைதான். எந்தப் பழைய டையையும் தண்ணீரில் முக்குவதும் கூடாது; உள்ளே வைத்துத் தைத்த கம்பளித் துணி சுருங்கி, மேல் துணியையும் கோணலாக இழுத்துவிடும்.