ச-வின் வயிற்றில் ஒரு கோடு

ஏதாவது ஒரு எடிட்டரில் ‘புதுச்சேரி’ என்று அடித்துவிட்டு, கர்சரை முதலில் கொண்டுபோய் வைத்து, வலது அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் பாருங்கள். பு, து, ச், சே, ரி. எழுத்து ஐந்து, கர்சர் நிற்க இடம் ஆறு. தமிழ் படித்த யாருக்கும் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கணினி மட்டும் இதை ஐந்தாகப் பார்ப்பதில்லை. ப, உகரக் குறி, த, உகரக் குறி, ச, புள்ளி, ச, ஏகாரக் குறி, ர, இகரக் குறி என்று அதற்குள் வரிசையாகப் பத்து யூனிகோடு எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதினால் எண்ணுக்கு மூன்று பைட் வீதம் 30 பைட். இதே ஊரின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் எழுதுகிறபடி எழுதினாலும் பத்து எண்கள்தான். ஆனால் பைட் 11தான், அதுவும் தலையில் கீற்று விழுந்த அந்த ஒரு ‘ஈ’ இரண்டு பைட் பிடிப்பதால். கீற்றைத் தனி எண்ணாகப் பிரித்து எழுதும் வழக்கமும் உண்டு. அப்போது 11 எண், 12 பைட். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும்.

வெள்ளை நகரத்து வீதிப் பலகைகளைப் போலத் தமிழும் பிரெஞ்சும் ஒரே வரியில் வரட்டும். கர்சர் இப்போது 18-ஆவது பைட் முடிந்த இடத்தில் நிற்கிறது என்று எடிட்டருக்குத் தெரியும். திரையில் அந்தக் கோட்டை இடது ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் தள்ளிப் போடுவது? எடிட்டர் எழுதுகிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

ஒரு காலத்தில் இது வெறும் பெருக்கல் கணக்கு. பழைய டெர்மினல் திரைகளில் வரிக்கு 80 கட்டம், எல்லாக் கட்டமும் ஒரே அகலம். எத்தனையாவது எழுத்தோ அதைக் கட்டத்தின் அகலத்தால் பெருக்கினால் விடை வந்துவிடும். எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் எழுத்துருக்கள் வந்ததும் பெருக்கல் கூட்டலாயிற்று. முன்னால் நிற்கும் எழுத்துகளின் அகலங்களைக் கூட்டு, அங்கே கோட்டைப் போடு. ரோமன் எழுத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும். தமிழில் இது ‘சே’ வரைக்கும்கூடத் தாங்காது.

எண்களை வைத்தே பார்ப்போம். முதல் மூன்று எழுத்தும் சேர்ந்து 60 பிக்சல், இரட்டைக்கொம்பு 10, ச 16 என்று வைத்துக்கொள்வோம். நினைவகத்தில் முதலில் ச, பிறகு கொம்பு. திரையில் கொம்பு 60 முதல் 70 வரை, ச 70 முதல் 86 வரை. விவரமறியாத நிரல் ஒன்று ச-வுக்கும் கொம்புக்கும் நடுவே, அதாவது 21-ஆவது பைட்டில், கர்சரை நிறுத்தப் பார்க்கிறது. அதுவரை உள்ள ‘புதுச்ச’ என்பதை அளக்கிறது: 60-ம் 16-ம் 76. அங்கே கோட்டைப் போடுகிறது. கோடு ச-வின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. தமிழ் ஒழுங்காக வராத மென்பொருள்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்.

கணினி ஏன் ச-வை முதலில் வைக்கிறது? அதன் நியாயத்தைப் புதுச்சேரியிலேயே அச்சான ஒரு புத்தகத்தில் பார்க்கலாம். முஸ்ஸே, துப்புய் என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி, இங்கிருந்த மிஷன் அச்சகத்தில் 1855-இல் ஒரு தொகுதியும் 1862-இல் இன்னொன்றுமாக வெளிவந்தது. அச்சுக் கோப்பவர் ‘சே’ வந்தால் கொம்பு அச்சை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் ச-வை வைத்தாக வேண்டும். ஆனால் சேரி என்ற சொல்லைத் தேடுகிறவர் ச வரிசைக்குத்தான் போவார். கொம்பு வரிசை என்று எந்த அகராதியிலும் கிடையாது. யூனிகோடு அகராதிக்காரர் பக்கம் நின்றது. ஒலிக்கிற வரிசையில் சேமித்தால் தேடவும் அகர வரிசைப்படுத்தவும் சுலபம். அச்சுக் கோப்பவரின் வேலையைத் திரைக்கு வரும் கடைசி நொடியில் வேறொருவர் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

அந்த வேறொருவர்தான் எழுத்து வடிவமைப்பு நிரல். குரோம், பயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றிலும் இருப்பது ஹார்ஃப்பஸ். பழம்பெரும் எடிட்டரான ஈமேக்ஸும் 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து இதைப் பயன்படுத்துகிறது. எண்களை வரிசையாகக் கொடுத்தால் எந்த உருவத்துக்குப் பின் எந்த உருவம், ஒவ்வொன்றின் அகலம் என்ன என்று பட்டியலிட்டுத் தரும். கூடவே ஒவ்வொரு உருவத்தின் மேலும் ‘நான் எந்த பைட்டில் தொடங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவன்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நம் சொல்லில் இரட்டைக்கொம்பின் சீட்டிலும் ச-வின் சீட்டிலும் ஒரே எண்: 18. ஒரே சீட்டு உள்ளவற்றைப் பிரிக்காதே என்று எடிட்டர் புரிந்துகொண்டால் போதும். கர்சர் 60-இல் நிற்கும் அல்லது 86-இல் நிற்கும், நடுவில் நிற்காது. மவுஸால் க்ளிக் செய்தால் இதே கணக்கு தலைகீழாக ஓடும். 73-க்கு இந்தப் பக்கம் என்றால் முன்னால், அந்தப் பக்கம் என்றால் பின்னால்.

ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, புதிதாக அடிப்பதன் அகலத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. ப அடித்து உகரக் குறியைத் தட்டியதும் ப காணாமல் போய் ‘பு’ என்ற வேறொரு உருவம் வருகிறது, அகலமும் மாறுகிறது. எனவே நல்ல எடிட்டர்கள் திருத்திய வரியை மட்டும் புதிதாக அளந்து, மற்ற வரிகளின் அளவைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும்.

இத்தனைக்கும் அடங்காத எழுத்து ஒன்று உண்டு. ‘ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம்’ என்று அடித்துப் பாருங்கள். ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று நான்கு எண்கள், திரையில் ஒரே உருவம். ஆனால் எழுத்துகளை எங்கே பிரிப்பது என்று சொல்லும் யூனிகோடின் பொது விதிப்படி இது ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டு கூட்டம். ஆகவே சில எடிட்டர்களில் கர்சர் ஸ்ரீ-யின் நட்டநடுவே ஒருமுறை நின்றுவிட்டுப் போகும். உருவத்தின் அகலத்தை இரண்டாக வகுத்துத் தோராயமாக ஓரிடம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். 2005-இல் ‘ஶ’ என்ற எழுத்தும் யூனிகோடில் சேர்ந்ததால், அதை வைத்தும் ஸ்ரீ எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

டெர்மினலுக்கு வந்தால் கூத்து இன்னும் பெரிது. அங்கே இன்றும் கட்டக் கணக்குதான். யூனிகோடு அட்டவணையில் தமிழின் இகரக் குறி இடம் பிடிக்கும் குறி. ஈகாரக் குறியோ, புள்ளியைப் போல, இடம் பிடிக்காத குறி. அந்த அட்டவணையை நம்பிக் கட்டம் எண்ணும் நிரல்களில் ‘கி’ இரண்டு கட்டம், ‘கீ’ ஒரு கட்டம். குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று! தொல்காப்பியர் மாத்திரைக் கணக்கை யாரோ கவிழ்த்துப் பிடித்தது போலிருக்கிறது. நம் ‘புதுச்சேரி’ இந்தக் கணக்கில் ஒன்பது கட்டம்.

பேக்ஸ்பேஸ் மட்டும் வேண்டுமென்றே வேறு வழியில் போகிறது. ‘சே’வுக்கு முன்னால் நின்று டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போகும். பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால், பெரும்பாலான எடிட்டர்களில், கொம்பு மட்டும் போய் ச மிஞ்சும். கர்சருக்குப் பிளக்க முடியாத எழுத்து பேக்ஸ்பேஸுக்குப் பிளக்கிறது. முரண்பாடுதான் என்றாலும் என் வோட்டு இதற்கே. ‘சே’வை ‘சோ’ ஆக்க முழுவதையும் அடித்துவிட்டு மறுபடி தொடங்குவானேன்?

செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்தபடி 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றில் பெரும்பகுதி கிரந்த எழுத்தில் உள்ள சமஸ்கிருதம். கிரந்தம் யூனிகோடில் ஏறியது 2014-இல். அதற்குள் 16 பிட்டில் அடங்கும் எண்களில் இடம் நெருக்கடியாகிவிட்டதால் எட்டத்தில்தான் இடம் கிடைத்தது. விளைவு, ஒவ்வொரு கிரந்த எண்ணும் கோப்பில் நான்கு பைட். 16 பிட் துண்டுகளாக எண்ணும் நிரல்களில் ஓர் எண்ணே இரண்டு துண்டு. அசந்தால் கர்சர் அந்த ஒற்றை எண்ணின் நடுவிலேயே போய் நிற்கும். ஒரு சுவடியைப் பதிப்பிக்கிறவர் கிரந்த மூலத்துக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பும் பிரெஞ்சில் ஒரு சொல்லும் போட்டால், வலது அம்புக்குறியின் ஒரே தட்டுக்குக் கர்சர் ஓரிடத்தில் ஒரு பைட்டையும் இன்னோரிடத்தில் எட்டு பைட்டையும் தாண்டிக் குதிக்கும்.