தமிழ் இமெயிலில் குப்பை எழுத்துகளா? சிதைவைப் பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம்

ஊரிலிருந்து தமிழில் வந்த இமெயிலைத் திறக்கிறீர்கள். எழுத்துகளுக்குப் பதிலாகக் கோடும் புள்ளியுமாக ஏதோ தெரிகிறது. வைரஸ் என்று நினைத்து உடனே டெலீட் செய்துவிடாதீர்கள். பல சமயம் கடிதம் முழுதாக உள்ளேயே இருக்கும். அதைப் படிக்கும் முறைதான் தவறியிருக்கும். எந்த வகைக் குப்பை என்று பார்த்தாலே பழுது எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சிக்கல் எங்கே தொடங்கியது?

இமெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுக்கும் எஸ்.எம்.டி.பி. விதி 1982-ல் எழுதப்பட்டது. அதில் ஓர் எழுத்துக்கு 7 பிட்தான். ஆங்கிலத்திற்கு அது போதும். யூனிகோட் தமிழோ, யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 8 பிட் கொண்ட 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது.

எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். 'காந்திகிராமம்' நம் கண்ணுக்கு 7 எழுத்துகள். கம்ப்யூட்டருக்குத் துணைக்கால், மேல்விலங்கு, புள்ளி எல்லாம் தனித்தனி. ஆகவே 13 குறியீடுகள், 39 பைட்டுகள்.

இதற்குத் தீர்வாக 1992-ல் 'மைம்' விதி வந்தது. இதன் 'பேஸ்64' முறை, 3 பைட்டுகளை 4 சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்புகிறது. நம் 39 பைட்டுகள் 52 எழுத்துகளாகும். 'இது யூடிஎஃப்-8, பேஸ்64' என்று ஒரு லேபிளும் கூடவே போகும். இந்த லேபிள் தொலைந்தாலோ, தவறாக இருந்தாலோ குப்பைதான்.

குப்பையின் வகைகள்

1. தலையில் சாய்வுக் கோடு போட்ட சின்ன 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', இப்படியே திரும்பத் திரும்ப வருகிறதா? கடிதம் யூடிஎஃப்-8 தமிழ். லேபிள் ஐரோப்பிய மொழிக்கானது. தமிழின் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஐரோப்பிய அட்டவணையில் 224-ம் 174-ம் அந்த இரண்டு உருவங்கள். தண்டர்பேர்டில் 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' கொடுத்துப் பாருங்கள்.

2. '4கே6' என்ற ஆங்கில வரிசை அடிக்கடி தலைகாட்டும் நீண்ட எழுத்துத் தொடரா? அது பிரிக்கப்படாத பேஸ்64 தமிழ். வழியில் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் லேபிளைத் தொலைத்துவிட்டது. பேஸ்64 டீகோடர் எதில் கொடுத்தாலும் தமிழ் கிடைத்துவிடும்.

3. புரியாத ஐரோப்பிய எழுத்துகள். ஆனால் முதல் வகையின் ஒழுங்கு இல்லையா? பழைய கடிதம் என்றால், திஸ்கி அல்லது 1999-ல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம் முறையாக இருக்கலாம். தமிழ் என்கோடிங் மாற்றியில் ஒவ்வொன்றாக முயலுங்கள். லினக்ஸில் உள்ள 'ஐகான்வ்' கட்டளைக்குத் திஸ்கி தெரியும்.

4. வெறும் கேள்விக்குறிகளா? இதுதான் மோசமானது. தமிழ் தெரியாத ஓர் அட்டவணைக்கு மாற்றும்போது எழுத்துகள் அழிந்து, கேள்விக்குறியே பதிவாகிவிட்டது. இதை மீட்க முடியாது. மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும்.

சப்ஜெக்ட் மட்டும் உடைகிறதா?

சப்ஜெக்ட் வரிக்குத் தனி விதி. பொதி ஒன்றுக்கு 75 எழுத்துகளுக்கு மேல் கூடாது. லேபிளுக்கு 12 போக, பேஸ்64-ல் 45 பைட்டுகள்தான், அதாவது 15 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். ஒரு குறியீட்டை நடுவில் வெட்டக்கூடாது என்பதும் விதி. சில சாஃப்ட்வேர்கள் இதைக் கவனிக்காமல் 45-வது பைட்டில் வெட்டிவிடும்.

'காந்திகிராமம் கூட்டம் ஒத்திவைப்பு' என்று சப்ஜெக்ட் கொடுத்தால் ஊர்ப் பெயருக்கு 39, இடைவெளிக்கு 1, 'க'வுக்கு 3 என 43 ஆகிவிடும். 'கூ'வின் ஊகாரக் குறி சரியாக வெட்டில் மாட்டும். இடைவெளி இல்லாமல் எழுதினால் 45 என்பது 3-ஆல் வகுபடுவதால் பிழை தெரியாது. அதனால்தான் சோதிக்கும்போது சரியாக இருந்து, உண்மைக் கடிதத்தில் உடைகிறது.

சர்வர் நடத்துபவர்களுக்கு

வெட்டுவதை உங்கள் நிரலில் நீங்களே எழுதாமல், மைம் லைப்ரரியிடம் விடுங்கள். டேட்டாபேஸையும் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 2018-ல் வந்த 8.0-க்கு முன் இயல்பு அமைப்பு 'லத்தீன்1'. அதில் தமிழைச் சேமித்தால் கேள்விக்குறிதான் மிஞ்சக்கூடும். 'யூடிஎஃப்8எம்பி4' என்று மாற்றுங்கள்.

எந்தச் சிகிச்சைக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். குப்பையாகத் தெரியும் கடிதத்தை ஃபார்வர்டு செய்யாதீர்கள், காப்பி செய்து ஒட்டாதீர்கள். மூல பைட்டுகள் மாறிவிடக்கூடும். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' சென்று டவுன்லோடு செய்து வையுங்கள். அந்தப் பைட்டுகள் பத்திரமாக இருக்கும் வரை, இருபது வருடத்துக்கு முந்தைய கடிதத்தையும் படித்துவிட வழியுண்டு.