ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

போன வாரம் போடிமெட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, ராமானுஜனுக்குக் கணக்கு தப்பவே தப்பாதாமே?" வாட்ஸ்அப்பில் வந்ததாம். தப்பியிருக்கு என்றேன். முகம் சுருங்கிடுச்சு. அவளுக்காகத்தான் இந்தக் குறிப்பு.

அந்த எண் 293318625600. வாயால் சொன்னால், 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

சின்னதாக ஆரம்பிப்போம். 60 கிலோ ஏலக்காய் இருக்குன்னு வைங்க. 2 பேரிலிருந்து 6 பேர் வரை எத்தனை பேர் பங்கு கேட்டாலும் முழுக் கிலோவில் பிரிச்சுடலாம். 10, 12, 15 பேர் வந்தாலும் சரி. 59 கிலோன்னா தகராறுதான். 60-க்கு 12 காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படித் தனக்குச் சிறிய எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் முந்தும் எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதிய நீண்ட கட்டுரை 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்ததும் அந்த ஆய்வுக்குத்தான். அதில் 6746328388800 வரை 102 எண்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். நடுவில் ஒன்றே ஒன்று விடுபட்டது.

அதை உடைத்துப் பார்த்தால்:

2^6 × 3^4 × 5^2 × 7^2 × 11 × 13 × 17 × 19

காரணி ஒன்றை உருவாக்க, 2-ஐ எத்தனை தடவை எடுப்பது? 0 முதல் 6 வரை, 7 வழி. 3-க்கு 5 வழி, 5-க்கும் 7-க்கும் மூணு மூணு, மற்ற நாலுக்கும் ரெண்டு ரெண்டு. பெருக்கினால் 5040 காரணிகள். அடுக்குகள் ஏன் இறங்குவரிசையில் இருக்கு? 2^6 × 3^4 என்பது 5184. அடுக்கை மாற்றி 2^4 × 3^6 போட்டால் வழிகள் அதே 35, எண் மட்டும் 11664 ஆக வீங்கிடும். வீண்செலவு.

ஆனால் இறங்குவரிசை மட்டும் போதாது, வம்பே அங்கேதான். பட்டியலில் 97772875200 இருக்கிறது, 4032 காரணிகள். இதை 2-ஆல் பெருக்கினால் 195545750400, காரணிகள் 4608. நல்லாத்தான் தெரியுது, ஆனால் தேறாது. அதைவிடச் சிறிய 160626866400 அதே 4608-ஐ ஏற்கனவே எட்டிவிட்டது. 3-ஆல் பெருக்கினால் நம்ம எண் வரும், அது தேறும். இப்படி ஒவ்வொன்றாகக் கையால் சலித்துப் பார்க்கணும். ஏலக்காய்க்கு உள்ள எம்எம் சல்லடை இதற்குக் கிடையாது. 4800 காரணிகள் உள்ள 240940299600-க்கு அடுத்து, அவர் பட்டியல் 5376 காரணிகள் உள்ள 321253732800-க்குத் தாவிவிடுகிறது.

"அப்ப அந்த நம்பர் அவர் கண்ணுலயே படலையா மாமா?"

கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பார் என்றேன். முந்தல் வருவதற்குள் போனில் போட்டுவிட்டாள். 293318625600.