ஊருக்கு ஒரே அங்கன்வாடி: உங்கள் குழந்தை யாரோடு உட்காரும்?

உங்கள் சொந்த ஊர் 500 பேர் வாழும் ஒரு சின்ன கிராமம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தையை எங்கே சேர்ப்பீங்க? பெரும்பாலும் இரண்டே வழிதான்: ஊரிலுள்ள அங்கன்வாடி, இல்லாவிட்டால் வேன் ஏறிப் போகும் தனியார் எல்கேஜி.

சட்டம் என்ன சொல்கிறது?

6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. அதற்கு முந்தைய வயதுக்கு அந்த உரிமை இல்லை. 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றுதான் 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவது, 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள். படிப்பும் சாப்பாடும் இலவசம்.

சின்ன ஊருக்கும் கிடைக்குமா?

கிடைக்கும். கிராமங்களில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேருக்கு ஒரு குறு மையம் என்பது விதிமுறை. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளாவது இருந்தும் மையம் இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது. பட்டியல் சாதி, பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தரவும் சொன்னது.

அப்போ சிக்கல் எங்கே?

மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதில். ஆதிக்க சாதித் தெருவில் இருந்தால் தலித் குழந்தைகள் வரத் தயங்கலாம். தலித் குடியிருப்பில் இருந்தால், மற்றவர்கள் பிள்ளையை அனுப்பாமல் இருப்பதும் உண்டு.

அடுத்தது எண்ணிக்கை. மையத்தில் 20 குழந்தைகள் என்றால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் 8 பேர் எல்கேஜிக்குப் போனாலே வகுப்பின் முகம் மாறிவிடும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடம், ஒரே பிரிவினரின் இடமாகிவிடும். முட்டை வரவில்லை, பணியாளர் இடம் காலி என்றால் குரல் கொடுக்கும் பெற்றோரும் குறைவார்கள்.

தனியார் பள்ளியில் 25% இடம் இருக்கே?

இருக்கிறது. பள்ளியில் முன்பருவ வகுப்பு இருந்தால் அங்கேயும் பொருந்தும். ஆனால், அது அருகிலுள்ள பள்ளிக்குத்தான். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு. பக்கத்தில் தனியார் பள்ளியே இல்லாத ஊருக்கு அதனால் பயனில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

எல்கேஜிக்குப் பணம் கட்டும் முன், ஒரு நாள் காலையில் அங்கன்வாடிக்குப் போய்ப் பாருங்க. பாட்டு, கதை, விளையாட்டு தினமும் நடக்கிறதா? எல்லாத் தெருக் குழந்தைகளும் வருகிறார்களா? ஒன்றாகச் சாப்பிடுகிறார்களா? குறை இருந்தால் கிராம சபையில் எழுப்புங்க. உங்கள் குழந்தையும் அங்கே படித்தால், அந்தக் கேள்விக்கு வலு கூடும்.