சொல் வாங்கும் வேலை

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். மனிதர்கள் நம்பி வாழும் வாசகங்கள் லாரிகளின் முதுகில் ஏறி வரிசையாகப் போகும்: ‘உழைப்பே உயர்வு’, ‘அம்மா துணை’, ‘யாமிருக்க பயமேன்’. பட்டாசு ஆலைகள் இருக்கும் பக்கம் போனால் சுவர்களில் வேறு ரகம்: ‘பாதுகாப்பே முதன்மை’, ‘கவனம் தேவை’. ஆளுக்கொரு வாசகம் வைத்துக்கொள்வதில் இந்த மண்ணுக்குப் பழக்கம் உண்டு. விருதுநகர் பெற்ற முதலமைச்சர் காமராஜரையே அவருடைய ‘ஆகட்டும் பார்க்கலாம்’ இல்லாமல் யாரும் நினைப்பதில்லை. இரண்டு மூன்று சொற்கள் ஓர் ஆளுக்குள் புகுந்து உண்மையில் என்னதான் செய்யும்?

கெடுதலும் செய்யும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ‘நான் அன்புக்குத் தகுதியானவள்’ என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு லேசான பலன் தெரிந்தது. தன்னையே மட்டமாக நினைத்திருந்தவர்களுக்கோ மனநிலை முன்பைவிட இறங்கிவிட்டது. ‘அப்படியா? நீயா?’ என்று உள்ளே ஒரு குரல் எதிர்வழக்காடுகிறது போலும். யாருக்கு அந்த வாக்கியம் அதிகம் தேவையோ அவருக்கே அது எதிராகத் திரும்புகிறது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்த ஆய்வைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்படியானால் மந்திரம் சொல்பவர்களுக்குக் கிடைக்கும் அமைதி எங்கிருந்து வருகிறது? இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தில் லூசியானோ பெர்னார்டி இதை மூச்சிலும் ரத்த ஓட்டத்திலும் தேடினார். அவருடைய குழுவின் கட்டுரை 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 23 பேரை ஜெபமாலையின் ‘அருள் நிறைந்த மரியே’ மன்றாட்டை லத்தீனில் சொல்ல வைத்தார்கள். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற பௌத்த மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டுக்கும் மொழி வேறு, மதம் வேறு, பொருளும் வேறு. ஆனால் எதைச் சொன்னாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறை என்ற அளவுக்கு இறங்கி நின்றது. அதாவது ஒரு மூச்சுக்குச் சுமார் 10 நொடி.

அந்த 10 நொடியில்தான் விஷயம் இருக்கிறது. நம் ரத்த அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. ஏறக்குறைய 10 நொடிக்கு ஒருமுறை தானாகவே ஏறி இறங்கும் சின்ன அலை ஒன்று அதில் உண்டு. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் ஏற்றத்தைக் கண்டதும் மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. அது இதயத்தைக் கொஞ்சம் நிதானிக்க வைக்கிறது. மூச்சும் அதே 10 நொடித் தாளத்துக்கு வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியது போல, இந்தத் தன்னியக்கம் வலுப்பெறுகிறது. மன்றாட்டின் நீளமும் ரத்தத்தின் அலையும் இப்படிப் பொருந்தியது தற்செயலா, இல்லை, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி உடம்புக்கு ஒத்த நீளமே தங்கிவிட்டதா? எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

இதே விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, உலகுக்குக் கொடுத்தது முற்றிலும் வேறு ஜாதி. ‘நான் யார்?’ என்பது ஒரு கேள்வி. அதை மந்திரம்போல் உருப்போட வேண்டாம் என்று அவரே அடியார்களைத் திருத்தியிருக்கிறார். கேட்டுவிட்டுத் தேட வேண்டும், அவ்வளவுதான். கேள்வியின் இந்தக் குணத்தை மிகச் சாதாரணமான ஒரு தளத்தில் சோதித்த ஆய்வும் உண்டு. இப்ராஹிம் செனாய், டொலோரெஸ் அல்பராசின் முதலானோர் 2010-இல் வெளியிட்டது அது. எழுத்துகளை மாற்றிப்போட்டுச் சொல் கண்டுபிடிக்கும் புதிருக்கு முன்னால் ‘செய்வேன்’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர்களைவிட, ‘செய்வேனா?’ என்று கேட்டுக்கொண்டவர்கள் அதிகப் புதிர்களை அவிழ்த்தார்கள். சின்ன ஆய்வுதான், அதை வைத்து ரமணரை நிரூபிக்கக் கிளம்ப வேண்டாம். ஆனாலும் ‘செய்வேன்’ என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது, ‘செய்வேனா?’ என்றால் மனம் காரணம் தேட ஆரம்பிக்கிறது என்பது யாருக்கும் பிடிபடக்கூடியதே.

இனி அந்த ஆலைச் சுவர். ‘கவனம் தேவை’ என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கரிசல் காட்டின் வறண்ட காற்றில் நடந்து வரும் ஒருவர் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் விரலுக்கு அது தெரியவே தெரியாது. அலுமினியத் தூளும் கந்தகமும் கலந்த மருந்துக்கு அவ்வளவு பெரிய பொறி வேண்டியதில்லை. உணரவே முடியாத ஒன்றில் எவ்வளவுதான் கவனமாக இருப்பது? அதனால்தான் மருந்து அறைக்குள் போகுமுன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும் என்கிறார்கள். இது ‘வாசலுக்கு வந்தால் தகட்டைத் தொடு’ என்கிற வடிவம். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த ‘இது வந்தால் அது’ வடிவத்தைத்தான். 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் சொன்னது: வெறும் உறுதிமொழியைவிட இப்படி இடமும் செயலும் முடிச்சுப் போட்ட வாக்கியம் காரியத்தை நன்றாகவே நடத்திவைக்கிறது.

ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் இன்னும் ஒரு படி போகிறார்கள். சிக்னலை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார்கள். அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் நடத்திய சோதனையில், எளிய வேலை ஒன்றில் 100-க்கு 2.38 ஆக இருந்த தவறுகள், சுட்டவும் சொல்லவும் செய்தபோது 0.38 ஆகக் குறைந்தன. செம்புத் தகட்டில் கை வைக்கிறவர் ‘தொட்டாச்சு’ என்று உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே போகும் வழக்கத்தை நம் ஆலைகளிலும் சோதித்துப் பார்க்கலாம். பெயிண்ட் செலவுகூட இல்லை.