செம்புறை மண்ணில் காய்கறிக்கு மேட்டுப்பாத்தி

புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வகோட்டைப் பகுதியில் வீட்டுக் கொல்லையில் கடப்பாரையை ஓங்கிப் போட்டால் 'ணங்' என்று எகிறும். மேலே ஒரு சாண் செம்மண், அதன் கீழ் சரளை, அதற்கும் கீழ் செம்புறாங்கல். முந்திரியும் தைல மரமும் இதில் வந்துவிடும். கத்தரியும் வெண்டையும் அப்படி வருவதில்லை.

பெரும்பாலோர் இதற்குக் குழி எடுக்கிறார்கள். முழ ஆழம் வெட்டி, எரு நிரப்பி, நாற்றை நடுகிறார்கள். புரட்டாசி வரை செடி தளதளவென்று இருக்கும். ஐப்பசி அடைமழையில் சுற்றுத் தரையின் நீரெல்லாம் அந்தக் குழியில் இறங்கும். அடியில் கல், வடிய வழியில்லை. வேர் மூச்சு முட்டி அழுகும். பிஞ்சு பிடித்த செடி மூன்றே நாளில் தலை சாயும். நோய் என்று நினைத்து மருந்து வாங்கித் தெளிப்பவர்களும் உண்டு. நானும் ஒரு வருடம் அப்படிப் பணத்தைத் தொலைத்தவன்தான்.

சந்தேகம் இருந்தால் ஓர் அடி ஆழக் குழியில் நீர் நிரப்பிப் பாருங்கள். அது வடிந்ததும், மாலையில் மறுபடி நிரப்புங்கள். காலையிலும் நீர் நின்றால் அங்கே குழி உதவாது. மண்ணை மேலே கட்ட வேண்டியதுதான்.

பாத்திக்கு 4 அடி அகலம், 10 அடி நீளம் போதும். இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும் என்பதற்காகவே இந்த அகலம். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. ஒரு முறை மிதித்தால் பட்ட பாடெல்லாம் வீண். நீளம் கூடினால் சுற்றிப் போகச் சோம்பல்பட்டுக் குறுக்கே தாண்டத் தோன்றும்.

முதல் நாள் தரையை நனைத்து, மறுநாள் கடப்பாரையால் அரை அடி பிளந்துவிடவும். அடிச் சரளையை மேலே புரட்ட வேண்டாம். சுற்றிலும் ஒன்றரை அடி நடைபாதை விட்டு, பாதையின் மேல்மண்ணை வழித்துப் பாத்தியில் போடவும். தாழ்ந்த பாதையே மழைக்கு வடிகாலாகும். விளிம்புக்கு உடைந்த செம்புறாங்கல் போதும். தென்னைத் துண்டு வைத்தால் கறையான் குடியேறும்.

உயரம் முக்கால் அடி. அதற்கு மேல் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும். சித்திரையில் சட்டியில் வறுத்தது போல் காயும். இந்த அளவுக்கு 30 கன அடி மண் தேவை. பாதி உங்கள் மண், கால் பங்கு குளத்துக் கரம்பை, கால் பங்கு மட்கிய தொழுஉரம். ஆக, கரம்பை ஏழரை கன அடிதான். ஒரு யூனிட் என்பது 100 கன அடி; அது பதிமூன்று பாத்திக்குக் காணும். அக்கம்பக்கத்தார் நால்வர் சேர்ந்து வாங்கினால் வண்டி வாடகை சுமையாகாது. அனுமதி பெற்று எடுத்த கரம்பையாக இருக்கட்டும். உப்புப் பூத்த குளத்து மண் வேண்டாம்.

பச்சைச் சாணம் கறையானை அழைக்கும். தென்னை உள்ள ஊர்களில் எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழு கட்டைவிரல் பருமனில் கிடக்கும். எருவைக் கையால் கிளறிப் பொறுக்கிவிட்டு இடவும். இம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே சூப்பர் பாஸ்பேட்டைத் தனியாகத் தூவாமல், பாத்திக்கு 100 கிராம் வீதம் எருவில் கலந்து ஒரு மாதம் மூடி வைத்து இடுவது நல்லது. சுண்ணாம்பு இடுவதை மண் பரிசோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வைகாசியில் பாத்தி கட்டியவுடன் நாற்றுக்கு ஓடாதீர்கள். சணப்பை அல்லது தட்டைப்பயறை நெருக்கி விதைத்து, பூக்கும் தருணத்தில், ஏறக்குறைய 45 நாளில், அறுத்து மண்ணிலேயே மடக்கிவிடவும். இரண்டு வாரம் மட்கினால் ஆடிப் பட்டத்துக்குள் பாத்தி தயார். இந்த இரண்டு மாதத்தைப் பொறுக்காதவர்களே முதல் ஆண்டிலேயே கைவிடுகிறார்கள்.

கத்தரியை இரண்டடி இடைவெளியில் இரு வரிசை நட்டால் பத்துச் செடி. இடையில் தண்டுக்கீரை தூவினால் ஒரு மாதத்தில் பிடுங்கிவிடலாம். அதற்குள் கத்தரி படர்ந்துவிடும். வெண்டை, கொத்தவரை, மிளகாயும் வரும். முள்ளங்கியை முதல் ஆண்டு தவிர்க்கவும்; கல்லில் முட்டிக் கவைவிடும். பூசணி, சுரையைப் பாத்தி முனையில் ஊன்றிக் கொடியை வெறுந்தரையில் ஓட விடுங்கள். பாத்தி மண் அவற்றுக்குப் படுக்க அல்ல.

மேட்டுப்பாத்தி சீக்கிரம் காயும். வைக்கோல், நிலக்கடலைத் தோல் எது கிடைத்தாலும் இரண்டு அங்குலம் மூடாக்குப் போட்டுப் பூவாளியால் நீர் ஊற்றவும். தைல மரச் சருகு மட்டும் ஆகாது.

மழை முடிந்து தை மாதம் பார்த்தால் பாத்தி இரண்டு, மூன்று அங்குலம் அமுங்கியிருக்கும். மண் போய்விட்டதே என்று பதற வேண்டாம். எரு மட்கி இறங்கியிருக்கிறது. கொத்திப் புரட்டாமல் மேலாக ஓர் அங்குலம் எருவும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் பரப்பி, மாசிப் பட்டத்து வெண்டையை ஊன்றவும்.