உஷார்! ஈயக்கம்பியைப் பல்லால் கடிக்காதீர்கள்

மாத்தளையில் சின்னக் கார், சின்னப் பஸ் செய்கிற தம்பி தங்கைமாரே, அவர்களைப் பெற்றவர்களே, அடுத்த பாகத்துக்குக் கத்தியை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை என்று யாழ்ப்பாணம் வரை ஓடும் ஏ-9 வீதியைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு வாகனப் பைத்தியம் பிடிப்பதில் ஆச்சரியமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் பழைய வண்டிகள்தான் வீதியை ஆண்டன. மொரிஸ் மைனரையும் லேலண்ட் பஸ்ஸையும் 24இல் ஒரு பங்காகச் செய்து பார்க்க ஆசைப்படுவது நல்ல ஆசை. ஆனால் அதற்கான நுண்பாகங்கள் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்; அந்த விலை சாதாரண வீட்டுக்குக் கட்டாது. அதனால் வைப்பர், கதவுக் கைபிடி, பக்கக் கண்ணாடி, எஞ்சின் குழாய் எல்லாவற்றையும் வீட்டிலும் கராஜிலும் கழித்துப் போட்டதிலிருந்து கையாலேயே செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தக் கைத்திறன் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஹபுவிதையில் அரக்கைச் சூட்டில் இளக்கி, நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தாலேயே நறுக்கி மரத்தில் கோலம் பதிக்கிறார்கள். அந்த வேலை தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கிறது. ஆனால் அரக்கு ஒரு பூச்சி தரும் பிசின். இன்று மாதிரிக் கார் செய்பவரின் மேசையில் கிடப்பவை ஈயம், பீ.வீ.சீ., சூப்பர் குளூ, கராஜில் மிஞ்சிய பெயின்ட். என் பயம் அங்கேதான்.

பாகம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு பக்கத்தில் முகம் போகிறது. உண்மைக் காரின் பிரேக் குழாய் ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் பருமன். 24ஆல் வகுத்தால் 0.2 மில்லிமீட்டர். 12 சென்டிமீட்டர் கைபிடி 5 மில்லிமீட்டராகிவிடும். இதைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்ய முடியாது. மூக்கும் வாயும் கண்ணும் வேலைக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கும். எழுகிற புகையில், பறக்கிற தூளில் முதல் பங்கு முகத்துக்குத்தான்.

முதலில் ஈயக்கம்பி. சோல்டர் பண்ணும் கம்பி மெதுவானது, விரலால் வளைத்த இடத்தில் நிற்கும். 0.8 மில்லிமீட்டர் கம்பியை 24ஆல் பெருக்கினால் 19 மில்லிமீட்டர். காரின் ஹீட்டர் குழாய்க்கு நெருங்கிய அளவு. அதனால்தான் உலகம் முழுக்க மாதிரிக் கார் செய்பவர்கள் ரேடியேட்டர் குழாய்க்கும் ஹீட்டர் குழாய்க்கும் இதை எடுக்கிறார்கள். ஆனால் 60/40 என்று எழுதியிருக்கும் சுருளில் 40 பங்கு ஈயம். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது கம்பியைப் பல்லில் கவ்விக்கொள்கிறோம். நுனியைக் கடித்துத் துண்டாக்குகிறோம். அரத்தால் ராவுகிறோம், தூளை வாயால் ஊதுகிறோம், அதே கையால் ரொட்டியைப் பிய்க்கிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள்! சோல்டர் பண்ணும்போது எழும் வெண்புகை பெரும்பாலும் உள்ளேயிருக்கும் ரோசின் பிசினின் புகை. அது இழுப்பு நோயைக் கிளப்பும். ஈயமோ பெரும்பாலும் கைவழியாக வாய்க்குள் போகிறது. ஈயத்தில் இவ்வளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்க்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதாவது அண்ணன் செய்கிற காருக்கு, தரையில் தவழும் தம்பி விலை கொடுப்பான்.

மாற்று இருக்கிறது. கழித்துப் போட்ட நெட்வேர்க் கேபிளைப் பிளந்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், பிளாஸ்டிக் உறையோடு. ஏறக்குறைய அதே பருமன், அதேபோல வளைந்து நிற்கும். கறுப்புப் பூசினால் குழாய் தயார். ஒட்டியே ஆகவேண்டிய இடத்தில் ஈயமில்லாத சோல்டரைக் கேட்டு வாங்குங்கள். அது இளக இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடவேண்டாம்.

அடுத்தது ஊசி. 18ஆம் நம்பர் ஊசியின் வெளிவிட்டம் 1.27 மில்லிமீட்டர், பெருக்கினால் 30 மில்லிமீட்டர், சின்னக் காரின் சைலன்சர் குழாய்க்கு நெருங்கிய அளவு. மெல்லிய ஊசிகளில் ஏரியலும் வரும். இவ்வளவு அருமையான உருக்குக் குழாய் வேறெங்கும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் அதை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? ஒருவருக்குக் குத்திய ஊசியை, வீட்டில் தாத்தாவுக்கு இன்சுலின் போட்ட ஊசியானாலும் சரி, தொடவே கூடாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு கிடக்கும். பாமசியில் உறை பிரிக்காத புது ஊசியை வாங்குங்கள். அதையும் குறடால் வெட்டும்போது நுனி தெறித்து நேரே முகத்துக்கு வரும். ஒரு பழைய அழிறப்பரில் நுனியைப் புதைத்துவிட்டு வெட்டுங்கள்.

இனி பீ.வீ.சீ. இதைப் பற்றித்தான் தோட்டத்துப் பெற்றோரோடு நான் அதிகம் பேச விரும்புகிறேன். மிஞ்சிய தண்ணீர்ப் பைப்பை நெடுக்காகப் பிளந்து, சூடாக்கி, தட்டையாக்கினால் அருமையான தகடு. மட்கார்டு, பம்பர், கூரை எல்லாம் அதில் வரும். சூடாக்குவது எதில்? லைட்டரில், மெழுகுதிரியில், அடுப்பு நெருப்பில். அந்தப் பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். ஓரம் கருகும்போது தொண்டையைப் பிடிக்கிற காரமான நெடி வருகிறதே, அது ஹைட்ரஜன் குளோரைட்டு. கண்ணிலும் நெஞ்சிலும் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். செம்புக் கம்பி எடுப்பதற்கு வயரை நெருப்பில் போட்டு எரிப்பதும் இதே நஞ்சுதான், அதைவிட மோசமானவையும் அந்தப் புகையில் உண்டு. இதையெல்லாம் எங்கே செய்கிறோம்? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில். அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை, மழைக்காலத்தில் சாத்திய ஜன்னல். மேசையில் எழுகிற புகை போவதற்கு வேறு இடமில்லை, தொட்டிலுக்குத்தான் போகும்.

நெருப்பே வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு இடுக்கியால் எடுங்கள், பீ.வீ.சீ. தானாக இளகி வளையும். வயரைப் பிளேட்டால் கீறி உறையைக் கழற்றுங்கள். சேண்ட் பேப்பர் பிடிக்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூள் பறக்காது. தின்னர் திறக்கிற வேலையை வெளித் திண்ணையில் வையுங்கள். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு ஊர்ந்து போகும். தரையில் நுளம்புத்திரி புகைகிறதா, சாமி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

சூப்பர் குளூவைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பருத்தித் துணியில் அது கொட்டினால் மளமளவென்று சூடேறும். சாரத்தையும் டீசேட்டையும் தாண்டித் தோலைச் சுட்டுவிடும், சில வேளை துணியே புகையும். பஞ்சால் துடைக்கவும் கூடாது. இமை ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள், நகப்பூச்சு கழுவும் திரவத்தைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். இளஞ்சூட்டு நீரால் கழுவி, ஈரத்துணியை மேலே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் மருந்து என்று நினைத்து இதன் குப்பியை எடுத்துக் கண்ணில் விட்டவர்களைப் பற்றி வைத்தியர்கள் பல நாடுகளில் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே லாச்சியில் இருக்கக் கூடாது.

கராஜில் மிஞ்சிய, ஹார்ட்னர் கலக்கும் பெயின்டை வீட்டுக்குள் ஸ்ப்ரே பண்ணவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஒருமுறை நெஞ்சைக் கெடுத்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். முகத்தில் கட்டும் சாதாரண மாஸ்க் அதற்குத் தடையே இல்லை. மினி ட்ரில்லில் பூட்டும் வெட்டுத் தட்டு நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும்போது உடைந்தால் துண்டு கண்ணைத் தேடி வரும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது, ஹெட்லைட் எரியவைக்கும் பட்டன் பற்றரி. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள, 3 வோல்ட் வட்டப் பற்றரியைச் சிறு பிள்ளை விழுங்கி, அது தொண்டைக் குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள் குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். உள்ளே இருக்கும் மருந்து ஒழுகவே தேவையில்லை. ஈரத்தசையில் பாயும் மின்சாரமே காரத்தை உண்டாக்கும். லைட் எரிக்காத பழைய பற்றரியும் இதைச் செய்யும். பிள்ளை அழாமலும் இருக்கலாம், எச்சில் மட்டும் வடியலாம். பொனட்டைக் கழற்றி மாட்ட ஒட்டும் சின்னக் காந்தங்களும் அப்படியே: இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நடுவில் ஓட்டை போடும்.

விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. பற்றரி என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற பிள்ளைக்கு வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு முறைவரை கொடுக்கலாம். ஆனால் தேன் தேடி ஒரு நிமிடமும் பிந்த வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே “பற்றரி விழுங்கியிருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள்” என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

அம்மாமாரே, அப்பாமாரே, பிள்ளையின் வேலையை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. இன்றைக்கே அந்த மேசையைப் பாருங்கள். பற்றரியையும் காந்தத்தையும் பூட்டி வையுங்கள், வாங்கி வைத்த ஈயச்சுருளை எடுத்துவிடுங்கள், மேசையைத் திண்ணைக்கு நகர்த்துங்கள்.